கிங்ஸ் கிராஸும் கடை சாத்தும் நேரமும்

ஆஸ்திரேலியாவுக்கு மகனையோ மகளையோ அனுப்பும் பெற்றோர், அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அங்கே நம்ம பசங்களை அடிக்கிறாங்களாமே, நிஜமா?" 2009-ல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டதும், அந்த வருடம் மே கடைசியில் அவர்கள் நடுரோட்டில் உட்கார்ந்து போராடியதும் நம் டிவிக்களில் நாள் முழுக்க ஓடின. அந்தப் பயம் இன்னும் மனதில் இருக்கிறது. அது நியாயமான பயமும்கூட.

ஆனால் அந்தத் தாக்குதல்களில் பல நடந்தது ரயிலிலும், ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் இருட்டுத் தெருவிலும்தான், வேலை முடிந்து தனியாகத் திரும்பும்போது. நான் சொல்ல வருவது வேறு வகை ஆபத்து. சுற்றுலா போகிறவர்கள், ஆன்சைட் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு "சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று போகும் இடங்களின் ஆபத்து. உலகத்தில் பெரிய ஊர் எல்லாவற்றிலும் இப்படி ஒரு தெரு உண்டு. சிட்னியில் அதன் பெயர் கிங்ஸ் கிராஸ். அதன் நூறு வருடக் கதையைப் படித்துக்கொண்டே போனால், சண்டைக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு தெளிவாகத் தெரியும். எத்தனை மணிக்குக் கடையைச் சாத்துகிறார்கள் என்பதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு.

பெயர் வந்த கதை

சிட்னி நகர மையத்திலிருந்து கிழக்கே வில்லியம் ஸ்ட்ரீட் மேடேறிப் போகும். இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. மேட்டின் உச்சியில் டார்லிங்ஹர்ஸ்ட் ரோடும் விக்டோரியா ஸ்ட்ரீட்டும் வந்து சேரும் சந்திப்புதான் கிங்ஸ் கிராஸ். விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897-ல் 'குவீன்ஸ் கிராஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஊரில் ஏற்கெனவே ஒரு குவீன்ஸ் ஸ்கொயர் இருந்ததால் குழப்பம். 1905-ல் 'கிங்ஸ் கிராஸ்' ஆக்கிவிட்டார்கள். ராணி போய் ராஜா வந்தார், அவ்வளவுதான் :-) மேட்டு முனையில் நிற்கும் பிரம்மாண்டமான கோகோ கோலா விளம்பரப் பலகை 1974-ல் வந்தது. போட்டோவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

ஆறு மணிக் குடி

முதல் உலகப்போர் சமயம். 1916 பிப்ரவரியில் சிட்னிக்கு வெளியே கஸூலா முகாமில் இருந்த சிப்பாய்கள், பயிற்சி நேரத்தைக் கூட்டியதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். பக்கத்திலிருந்த லிவர்பூல் ஊருக்குள் புகுந்து மதுக்கடைகளைச் சூறையாடி, ரயிலேறி சிட்னிக்கு வந்து கலாட்டா செய்தார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிப்பாய் இறந்துபோனார்.

மதுவிலக்கு இயக்கத்தினர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்ததற்கு இது வசதியாக அமைந்தது. அதே வருடம் ஜூனில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு. கடை எத்தனை மணிக்கு மூட வேண்டும்? மக்கள் தேர்ந்தெடுத்தது மாலை 6 மணி. போர்க்கால ஏற்பாடு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். அது 1955 வரை, கிட்டத்தட்ட 40 வருடம் நீடித்தது.

விளைவு என்ன? ஐந்து மணிக்கு வேலை விடும். ஆறு மணிக்குக் கடை மூடும். நடுவில் ஒரே ஒரு மணி நேரம். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் நின்றுகொண்டே ஊற்றிக்கொள்வார்கள். நாற்காலி, மேஜை எல்லாம் இடத்தை அடைக்கிறது என்று கடைக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். கழுவிவிடச் சுலபமாக இருக்கட்டும் என்று சுவரில் டைல்ஸ் பதித்தார்கள். இந்தக் கூத்துக்கு 'ஆறு மணிக் குடி' என்று ஊரே பெயர் வைத்திருந்தது. நம் ஊர் டாஸ்மாக்கில் பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும் முன் நடக்கும் தள்ளுமுள்ளுவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆறு அடித்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நடைபாதைக்குத் தள்ளப்படுவார்கள்.

ஒழுக்கத்தை வளர்க்கக் கொண்டுவந்த சட்டம், அவசரக் குடியைத்தான் வளர்த்தது.

சவரக்கத்திக் கூட்டம்

இன்னொன்றையும் வளர்த்தது. ஆறு மணிக்குமேல் தாகம் தீர்ந்துவிடுமா என்ன? கள்ளச் சாராயம் வந்தது. சிட்னியின் கிழக்குப் பகுதியில் இரண்டு பெண்கள் ராஜ்ஜியம் நடத்தினார்கள். கேட் லீ கள்ள மதுக்கடைகளின் ராணி. டில்லி டெவைன் விபசார விடுதிகளின் ராணி. ஏன் பெண்கள்? அன்றைய சட்டம், விபசார வருமானத்தில் ஆண் பிழைப்பதைத்தான் குற்றம் என்றது. பெண் பிழைத்தால் குற்றம் என்று எழுத மறந்துவிட்டது. ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் போகத்தானே செய்யும்.

1927-ல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று சட்டம் வந்தது. உடனே ரவுடிகள் கைமாறிக்கொண்டது சவரக்கத்திக்கு. மலிவு, பாக்கெட்டில் அடங்கும், வைத்திருந்தால் கேஸ் இல்லை. அந்தக் காலத்தையே சிட்னி வரலாற்றில் 'சவரக்கத்திக் கூட்டங்களின் காலம்' என்கிறார்கள். 1929 ஆகஸ்டில் கிங்ஸ் கிராஸில் உள்ள கெல்லெட் ஸ்ட்ரீட்டில் இரண்டு கோஷ்டிகளும் நேருக்கு நேர் மோதின. அதே வருடம், குற்றவாளிகளோடு பழகுவதே குற்றம் என்று ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்து, அதை வைத்துத்தான் போலீஸ் இந்தக் கூட்டங்களை உடைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். துப்பாக்கியைத் தடுத்தால் கத்தி, கடையைத் தடுத்தால் கள்ளக் கடை. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கும் பலூன் மாதிரி. இது பின்னால் மறுபடியும் வரும்.

விடுப்பில் வந்த வீரர்கள்

1954 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு. மிகக் குறைந்த வித்தியாசத்தில் 10 மணி ஜெயித்தது. 1955 பிப்ரவரியிலிருந்து ஆறு மணிக் குடி ஒழிந்தது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வியட்நாம் போர். அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்கு நடுவில் சில நாள் விடுப்புக் கொடுத்து, பாங்காக், ஹாங்காங் மாதிரி ஊர்களுக்கு அனுப்பும். 1967 அக்டோபரிலிருந்து அந்தப் பட்டியலில் சிட்னியும் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அது முடிவதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வந்து போனார்கள். வயது இருபது சொச்சம், பை நிறைய டாலர், திரும்பிப் போனால் உயிரோடு இருப்போமா என்று தெரியாது. அவர்களுக்காகவே 1967-ல் 'போர்பன் அண்ட் பீஃப்ஸ்டேக்' என்ற பார் திறக்கப்பட்டது. பாங்காக்கின் பாட்பாங், பட்டாயா எல்லாம் இரவு வாழ்க்கைக்குப் பெயர் வாங்கியதும் இதே போரின் காசில்தான். இன்று நாம் பேக்கேஜ் டூரில் பார்க்கும் பல 'நைட் லைஃப்' தெருக்கள், சிப்பாய்க்காகப் போட்ட கடைகள். சிப்பாய் போனதும் சுற்றுலாப் பயணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பணம் புரண்ட இடத்தில் வேறு சிலரும் வந்தார்கள். விக்டோரியா ஸ்ட்ரீட்டில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டத்தை எதிர்த்து எழுதியவர் ஜுவானிட்டா நீல்சன். சொந்தமாக ஒரு சின்ன உள்ளூர்ப் பத்திரிகை நடத்தியவர். 1975 ஜூலை 4 அன்று கிங்ஸ் கிராஸில் கரோசல் என்ற கிளப்புக்கு ஒரு வேலையாகப் போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. கொலைக்காக யாருக்கும் தண்டனையும் இல்லை.

போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது? 1990களின் நடுவில் நீதிபதி ஜேம்ஸ் வுட் தலைமையில் நடந்த விசாரணைக் கமிஷன் அதற்குப் பதில் சொன்னது. கிங்ஸ் கிராஸ் துப்பறியும் அதிகாரிகள் பலர் மாமூல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரே மனம் மாறி கமிஷனுக்கு உதவ, காருக்குள் மறைத்துவைத்த கேமராவில் பணம் கைமாறுவது பதிவாகி, டிவியில் நாடே பார்த்தது. 1997-ல் வந்த இறுதி அறிக்கைக்குப் பிறகு போலீஸ் துறையையே மாற்றியமைத்தார்கள்.

நான் பார்த்த கிங்ஸ் கிராஸ்

2011-ல் எட்டு மாதம் ஆன்சைட் போயிருந்தேன். நார்த் சிட்னியில் ஆபீஸ். வீடு நம்மவர்கள் நிறைய இருக்கும் வெஸ்ட்மீட் பக்கம். அப்போது ரவுடி ராஜாக்கள் காலம் முடிந்திருந்தது. சவரக்கத்தியும் இல்லை, மாமூலும் வெளியே தெரியவில்லை. ஆனால் கடிகாரம் எதிர்ப்பக்கம் போயிருந்தது. பல இடங்களுக்கு விடியவிடிய லைசென்ஸ். வெள்ளி, சனி ராத்திரி அந்தச் சின்னத் தெருவில் ஆயிரக்கணக்கான பேர். டீமோடு இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன்.

பிரச்சினை உள்ளே இல்லை. வெளியே வரும்போதுதான். ராத்திரி ஒரு மணி வாக்கில் ரயில் நின்றுவிடும். பிறகு டாக்ஸிதான் கதி. சிட்னி டாக்ஸிகளுக்கு ஷிஃப்ட் மாறும் நேரமோ, யார் புண்ணியவானோ வைத்தது, விடியற்காலை 3 மணி! கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது வண்டிகள் விளக்கை அணைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகும். மேற்கே முப்பது கிலோமீட்டர் என்றால் வர மாட்டார்கள், பக்கத்தில் என்றாலும் வர மாட்டார்கள். குடித்த கூட்டம், குளிர், வரிசை, வரிசையில் புகுந்தவன். வேறென்ன வேண்டும் சண்டைக்கு?

எங்கள் டீமில் ஒரு பையனைத் தோளில் இடித்துவிட்டு ஒருவன் முறைத்தான். இவனும் முறைத்தான். "என்ன பார்க்கிறாய்?" என்று ஆரம்பித்ததை நாங்கள் நாலு பேர் நடுவில் புகுந்து, மன்னிப்புக் கேட்டு, பையனை இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டோம். அவனுக்கு எங்கள் மேல் ஒரு வாரம் கோபம். "தப்பு அவன் மேல, நாம ஏன் சாரி சொல்லணும்?"

அன்றைக்கு எங்களை ஏற்றிக்கொண்ட டாக்ஸிக்காரர் யாழ்ப்பாணத் தமிழர். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஆர் சரி, ஆர் பிழை எண்டு இந்த நேரத்தில கதைக்கக் கூடாது. விலகி நடந்தால் வீடு போய்ச் சேரலாம். நானே மூண்டு மணிக்கு இந்தப் பக்கம் வாறது குறைவு." இருபது வருடமாக டாக்ஸி ஓட்டுகிறவர். நான் பிறகு படித்த அறிக்கைகள் எல்லாம் அவர் சொன்னதைத்தான் நீட்டி எழுதியிருந்தன.

இரண்டு குத்துகள்

நான் திரும்பி வந்த அடுத்த வருடம், 2012 ஜூலை 7. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், கிங்ஸ் கிராஸுக்கு முதல்முறையாக இரவு போனவன், விக்டோரியா ஸ்ட்ரீட்டில் நடந்துகொண்டிருந்தான். முன்பின் தெரியாத ஒருவன் வந்து முகத்தில் ஒரே ஒரு குத்து. பையன் விழுந்து தலை நடைபாதையில் மோதியது. இரண்டு நாளில் இறந்துபோனான். 2013 டிசம்பர் 31, கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே வயதில் இன்னொரு பையன். அதே மாதிரி ஒரே குத்து. ஜனவரி 11-ல் இறந்தான்.

முதல் வழக்கில் மரணத்துக்காகக் கொடுத்த குறைந்தபட்ச தண்டனை 4 வருடம் என்று வந்தபோது நாடே கொதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை கூடியது. குத்துக்கு அதுவரை 'ராஜகுத்து' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் இருந்தது, என்னவோ வீரம் மாதிரி. இரண்டாவது பையனின் குடும்பத்தார், "இதை ராஜகுத்து என்று சொல்லாதீர்கள், கோழைக் குத்து என்று சொல்லுங்கள்" என்றார்கள். பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அப்படியே மாற்றிக்கொண்டார்கள். வார்த்தையை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நம் சினிமாவில் ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்கவிட்டு விசிலடிக்கிறோமே, நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான். நிஜத்தில் ஒரு அடி போதும். கொல்வது முஷ்டிகூட இல்லை, சிமெண்ட் தரை.

2014 ஜனவரியில் அரசு அவசரமாகச் சட்டம் போட்டது. போதையில் ஒருவரை அடித்து அவர் இறந்தால் குறைந்தது 8 வருடம், அதிகபட்சம் 25 வருடம். பிப்ரவரி 24 முதல் கிங்ஸ் கிராஸிலும் நகர மையத்திலும் 1.30 மணிக்கு மேல் எந்தக் கிளப்பும் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது. 3 மணிக்கு மேல் மது ஊற்றக் கூடாது. இதற்கு முன்மாதிரி பக்கத்து நியூகாஸில் நகரம். அங்கே 2008-ல் 14 மதுக்கடைகளின் நேரத்தைக் குறைத்ததில் அடிதடி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

பலன் இருந்தது. மாநிலக் குற்றப் புள்ளிவிவர அமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி கிங்ஸ் கிராஸில் அடிதடி 49 சதவீதம், நகர மையத்தில் 13 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் ஒட்டியுள்ள பகுதிகளில் 12 சதவீதமும், சுலபமாகப் போகக்கூடிய மற்ற இடங்களில் 17 சதவீதமும் கூடியிருந்தது. பலூன் ஞாபகம் இருக்கிறதா? குறைந்தது கூடியதைவிட அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு விலையாகக் கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. இசைக் கலைஞர்களுக்கு வேலை போயிற்று. 2016-ல் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். நகர மையத்தில் 2020 ஜனவரியிலும், கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் 1.30 மணிக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அதற்குள் பழைய கிங்ஸ் கிராஸ் போயே போய்விட்டது. கிளப் இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. அந்த இரண்டு பையன்களும் குத்துப்பட்டது 1.30 மணிக்கும் 3 மணிக்கும் அல்ல. ஒருவன் இரவு 10 மணி வாக்கில். மற்றவன் 9 மணி வாக்கில். இந்தச் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

அப்படியென்றால் கடிகாரத்தால் பயனில்லையா? உண்டு. கூட்டத்தை எந்த நேரத்தில், எந்த வழியில் கலைக்கிறோம் என்பதைப் பொறுத்து மொத்தச் சண்டைகளின் எண்ணிக்கை மாறுகிறது, நூறு வருட அனுபவம் அதைத்தான் சொல்கிறது. அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பையன் வீடு திரும்புவதைச் சட்டம் உத்தரவாதம் செய்ய முடியாது. அங்கே நாம்தான் வருகிறோம்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவை

1. திரும்பி வரும் வழியை முடிவு செய்துவிட்டுப் போகட்டும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, இரவு பஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கடை சாத்தும் நேரத்துக்கு அரை மணி முன்பே கிளம்பிவிடுவது நல்லது.

2. இடித்தவன் முறைத்தால் "சாரி" சொல்லிவிட்டு நகர வேண்டும். தப்பு யார் மேல் என்பது அப்புறம். மானம் போய்விடாது.

3. கூடப் போனவர்கள் கூடவே திரும்ப வேண்டும். ஒருவன் சூடானால் மற்றவர்கள் சேர்ந்து சூடாகாமல், அவனை இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

4. யாராவது தலையில் அடிபட்டு விழுந்தால், எழுந்து "நான் ஓகே" என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அவசர எண் 000. மொபைலில் 112-ம் வேலை செய்யும்.

5. அடிபட்டவர் போலீஸில் சொல்வதற்கு விசாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். அடித்தவர்தான் பயப்பட வேண்டும். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால் ஆஸ்திரேலிய விசா ரத்தாகும். ஒரு குத்தில் அவன் உயிர் போகலாம், இவன் வாழ்க்கை போகலாம்.

6. வெளிநாட்டில் சிக்கலில் மாட்டினால் நம் தூதரகத்திடம் உதவி கேட்க வெளியுறவுத் துறையின் 'மதத்' என்ற இணையதளம் 2015 முதல் இருக்கிறது. ஊரில் இருக்கும் பெற்றோரே அதில் புகார் பதியலாம்.

"ராத்திரி வெளியே போகாதே" என்று சொன்னால் இருபத்துநாலு வயசுப் பிள்ளை கேட்கப் போவதில்லை. ஆறு மணிக்குக் கடையைச் சாத்தி ஒரு மாநிலமே 40 வருடம் அதை முயன்று பார்த்துவிட்டது. "விலகி வந்தால் நாங்கள் உன்னைக் கோழை என்று நினைக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த நடைபாதையில் நிற்கும்போது அது அவனுக்கு ஞாபகம் வந்தால் போதும்.